உப்புக் கரிக்காத செருப்பு

உட்காரு தங்கச்சி. காத்து திரும்பல. காத்து திரும்பாம ஈழத்துக் கப்பல் ஓட்டுற எந்தத் தண்டலும் பாய் விரிக்க மாட்டான். இன்னைக்கும் இல்ல, நாளைக்கும் இல்ல. கஞ்சி குடி. பிள்ளைக்குத் தனியா பால் சுட வச்சுத் தாரேன். என்ன வயசு? ரெண்டா? நல்லா இருக்கட்டும்.

நான் மைமூன். இந்தத் துறையில கஞ்சிக்கொட்டகை மைமூன்னு கேட்டா யாரும் கை காட்டுவாக. அரபு நாட்டுக் குதிரையெல்லாம் வந்து எறங்குறது இந்தக் கரையிலதான். எறங்குன உடனே எங்க கொட்டகைக்குப் பின்னாடி தொட்டி இருக்கு பாரு, அதுலதான் மொதல் தண்ணி குடிக்கும். அப்புறம்தான் பாண்டிய ராசா லாயத்துக்கு ஓட்டிட்டுப் போவாக. என்னைக் கட்டுன மாப்பிள்ளையும் குதிரைக் கப்பல்ல வந்தவருதான். சுஹார்னு ஒரு ஊரு. வருஷத்துல மூணு மாசம் என்கூட இருப்பாரு. மிச்ச மாசம் அந்தக் கரையில, அந்தப் பொண்டாட்டி கூட. அங்கே அவருக்கு ஏழு பிள்ளைங்க. இங்கே ஒண்ணும் இல்ல. கொறையாச் சொல்லல. இருக்கிறதைச் சொல்றேன்.

நீ வர்ற வழியில ஒருத்தி தண்ணிக்குடத்தோட நின்னாளே, பல்கீஸ், பக்கத்து வீட்டுக்காரி, அவ உங்கிட்ட ஏதாச்சும் சொன்னாளா? சொல்லியிருப்பா. மைமூன்கிட்டப் பிள்ளையைக் குடுக்காதேன்னு சொல்லியிருப்பா. நீ தலையைக் குனியாதே, எனக்குத் தெரியும். துறையில எறங்குற ஒவ்வொருத்திகிட்டயும் சொல்றா. நான் பிள்ளை புடிக்கிறவளாம். அவ பார்த்தது பாதி, தங்கச்சி. முழுசையும் நான் சொல்றேன். கேட்டுட்டு நீயே சொல்லு, நான் என்ன தப்பு செஞ்சேன்னு.

இது நடந்து நாலு வருஷம் ஆகுது. இதே மாதிரி காத்து திரும்புற சமயம். உச்சி வெயில். பின்னாடி குதிரையெல்லாம் ஒரேயடியாக் கனைக்குது. என்னடான்னு ஓடிப் பார்த்தா, தொட்டித் தண்ணிக்குள்ள ஒரு பொம்பளப் பிள்ளை கெடக்கு. ஆறு வயசு இருக்கும். வானத்துல இருந்து விழுந்த மாதிரி கெடக்கு. வேலி ஏறி வரல, வாசல் வழியா வரல. நான்தானே வாசல்ல உட்கார்ந்திருந்தேன்? மஞ்சத்துணியில ஒரு உடுப்பு, அந்த மாதிரித் தையலை நான் எந்தக் கப்பல்லயும் பார்த்ததில்ல. காலுல ஒத்தைச் செருப்பு. தோலும் இல்ல, மரமும் இல்ல. அமுக்குனா அமுங்குது, விட்டா நிமிருது. நீல வாரு.

தூக்குனேன். ஒடம்பு அனலாக் கொதிக்குது. கண்ணை முழிச்சு, "ஆன்ட்டி, அக்கா எங்கே?"ன்னு கேட்டுச்சு. ஆன்ட்டின்னா என்னன்னு எனக்கு என்ன தெரியும்? ஆனா மத்ததெல்லாம் நம்ம பேச்சுதான். கொஞ்சம் வழுக்கி வழுக்கிப் பேசுச்சு, ஆனா நம்ம பேச்சு.

காய்ச்சலோடயே அது சொன்னதைச் சொல்றேன். அதோட வாப்பா சங்கு குளிக்கிறவராம். ஒரு நாள் கடலுக்கு அடியில இருந்து சங்கோட ஒரு செம்புக் கிண்ணத்தையும் எடுத்துட்டு வந்தாராம். அடியில ஓட்டை போட்ட கிண்ணம். நம்ம கோட்டையில நாழிகை பார்க்கத் தண்ணியில மிதக்க விடுவாகளே, முழுகுனா ஒரு நாழிகைன்னு, அதே மாதிரி. அக்காளும் தங்கச்சியும் அதைக் கடல்ல மிதக்க விட்டு வெளையாடியிருக்காக. கிண்ணம் முழுகுனதும் தண்ணிக்குள்ள இருந்து ஒரு கெழவன் எந்திரிச்சு, ரெண்டு பேரையும் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனானாம். ஒரு பயணத்துக்கு மூணு கரை. மொதக் கரையில வியாபாரி எல்லாம் கிளியா மாறிப்போன ஒரு கடைத்தெரு. கிளிதான் வெலை சொல்லுமாம், கிளிதான் பேரம் பேசுமாம். ரெண்டாவது கரையில ஊரே பித்தளை, மரம் பித்தளை, மரத்துல இருக்கிற காக்காயும் பித்தளை. மூணாவது கரைக்கு வரும்போது அக்கா கையை விட்டுட்டாளாம். அதான் தொட்டியில விழுந்துட்டா.

இது ஜின்னு வேலைன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. எங்க வீட்டுக்காரரு கப்பல் கதை சொல்லும்போது இப்படிக் கிண்ணத்துல கட்டுப்பட்ட ஜின்னு ஒண்ணு உண்டுன்னு சொல்லியிருக்காரு. சிரிச்சிருக்கேன். அன்னைக்குச் சிரிப்பு வரல.

பேரு கேட்டேன். பிரின்சின்னு சொல்லுச்சு. என் வாயில நுழையல. பிறைன்னு கூப்பிட்டேன். நல்லாத்தானே இருக்கு? அவளும் ஒண்ணும் சொல்லல. காய்ச்சல்ல கெடந்தா.

ஈரத்துணியைக் கழத்தி, என் சேலைத் துண்டைச் சுத்தி, உள்ளறையில படுக்க வச்சேன். செருப்பை வாசல்ல காய வச்சேன். மஞ்ச உடுப்பை மட்டும் உள்ளேயே போட்டேன். வெயில்ல போட்டா சாயம் போயிரும்ல?

அன்னைக்கே சாயங்காலத்துக்கு முன்னாடி அவ அக்கா வந்துட்டா.

பதினொரு வயசுப் பொண்ணு. ரெட்டைச் சடை. முழங்காலு ரெண்டும் செராய்ச்சு ரத்தம். அந்தக் கிண்ணத்தை நெஞ்சோட சேர்த்துப் புடிச்சிருந்தா. வாசல்ல நின்னு மூச்சு வாங்குறா. "ஆன்ட்டி, இங்கே ஒரு சின்னப் பிள்ளை வந்துச்சா? ஆறு வயசு. மஞ்சக் கவுனு. முன்னம்பல்லு ஒண்ணு ஆடிக்கிட்டு இருக்கும். பேரு பிரின்சி. நான் ஜெனோவா, அவ அக்கா."

நான் சொல்ல வாயைத் தொறந்தேன், தங்கச்சி. அல்லா மேல ஆணையாத் தொறந்தேன். உள்ளே படுத்திருக்கான்னு சொல்லத்தான் தொறந்தேன். அதுக்குள்ள அவ செருப்பைப் பார்த்துட்டா. குனிஞ்சு கையில எடுத்துட்டா. "இது பிரின்சியோடது!"

"கரையில ஒதுங்குச்சு"ன்னு சொன்னேன்.

அவ்வளவுதான் சொன்னேன். செத்துப்போனான்னு நான் சொல்லவே இல்ல. முழுகிட்டான்னு சொல்லல. ஒரு செருப்பு ஒதுங்குச்சுன்னுதான் சொன்னேன். கடல்ல எத்தனையோ ஒதுங்குது. அவளா எதையோ நெனைச்சுக்கிட்டா நான் என்ன செய்ய?

அந்தப் பொண்ணு அழல. செருப்பையே பார்த்துக்கிட்டு நின்னா. பெறகு கடலைப் பார்த்து ஓடுனா. கரையில நின்னு கூப்பிட்டா. "பிரின்சி! பிரின்சி!"ன்னு. இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் ஓடிக்கிட்டே கூப்பிட்டா. பல்கீஸ் அப்பத்தான் பார்த்திருக்கா. எனக்கும் கேட்டுச்சு. காத்து வேற மண்ணை வாரி அடிச்சுச்சு, அதான் கதவைச் சாத்துனேன். காய்ச்சல் பிள்ளைக்குக் காத்து ஆகாது.

அந்த ஜெனோவாவுக்கு வாப்பா இருக்காரு, உம்மா இருக்கா, வீடு இருக்கு. எனக்கு உள்ளே படுத்திருக்கிறது ஒண்ணுதான். அதுவும் வந்து அரை நாள்கூட ஆகல.

ரெண்டு நாள் கழிச்சு பிறை எந்திரிச்சு உட்கார்ந்தா. அக்காவைக் கேட்டா. "அக்கா ஊருக்குப் போயிட்டா. நல்லாப் பார்த்துக்கச் சொல்லி உன்னை என்கிட்ட விட்டுட்டுப் போனா"ன்னேன். "எப்ப வருவா?"ன்னா. "காத்து திரும்பும்போது"ன்னேன். இந்த ஊருல யாரு எப்ப வருவான்னு கேட்டாலும் அதானே பதிலு?

பாலு பொங்கிருச்சு, இரு. இந்தா, ஆத்திட்டேன். பிள்ளையை இப்படிக் குடேன், நான் புகட்டுறேன். உனக்குக் கை வலிக்கும்ல? இல்லையா? சரி, நீயே புகட்டு. இழுத்து இழுத்து மடியில வச்சுக்கிறியே, நான் என்ன முழுங்கவா போறேன்? சரி சரி. நீ புகட்டு.

மூணு மாசம், தங்கச்சி. மூணு மாசமும் ஒரு வாரமும். வீட்டுக்காரரு அப்ப அந்தக் கரையில. அந்த மாதிரி ஒரு காலம் எனக்கு அதுக்கு முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல. காலையில எந்திரிச்ச உடனே குதிரைகிட்ட ஓடிருவா. ஒவ்வொண்ணுக்கும் பேரு வைப்பா. ஒண்ணுக்கு ரவா உப்புமான்னு பேரு. அது என்னடின்னு கேட்டா, அது நெறம் அப்படி இருக்காம். அரபு நாட்டுல இருந்து வந்த ராசாக் குதிரை, அது பேரு ரவா உப்புமா! பேரீச்சம்பழத்தைப் பால்ல ஊற வச்சுக் குடுத்தா கொட்டையைக் கன்னத்துல ஒதுக்கி வச்சுக்கிட்டுக் கதை சொல்லுவா. அவ ஊருல வெளக்குக்கு எண்ணெய் வேண்டாமாம், செவுத்துல தட்டுனா எரியுமாம். படுக்கும்போது என் காது மடலைப் புடிச்சுக்குவா. புடிச்சாத்தான் தூக்கம் வரும். இந்தக் காதுதான்.

உம்மான்னு அவளாத்தான் கூப்பிட்டா. நான் ஒரு தடவைகூடச் சொல்லிக் குடுக்கல. ஆன்ட்டின்னு கூப்பிட்டா எனக்குப் புரியல, உம்மான்னா திரும்புவேன்னு சொன்னேன், அவ்வளவுதான்.

மொதல்ல கொஞ்ச நாளு அவ அம்மாவைப் பத்திப் பேசிக்கிட்டே இருந்தா. அம்மா தலை வாரும்போது பாட்டுப் பாடும், அம்மா மீன்ல முள்ளு எடுத்துட்டுத் தரும், அம்மா அப்படி, அம்மா இப்படி. எனக்கு என்னமோ அதைக் கேட்டா தொண்டையில சோறு எறங்காது. தட்டைத் தள்ளி வச்சுட்டு எந்திரிச்சுப் போயிருவேன். வேணும்னு செய்யல, எறங்காது, அவ்வளவுதான். ஒரு மாசம் போச்சு. அதுக்கு அப்புறம் அவ அந்தப் பேச்சையே எடுக்கல. தன்னால மறந்துட்டா. பிள்ளைங்க அப்படித்தான்னு நெனைச்சேன். சந்தோசமா இருந்துச்சு. இருக்காதா? நானா மறக்கச் சொன்னேன்?

அந்த ஆடுன பல்லும் விழுந்துச்சு. கையில வச்சுக்கிட்டு ஊரு முழுக்கக் காட்டிட்டு வந்தா. பல்கீஸ்கூட அன்னைக்கு அவளை வாரி முத்தம் குடுத்தா. இன்னைக்கு என்னைப் பேசுறா.

அப்புறம் ஒரு நாள் காலையில, கப்பல்காரங்க எல்லாம் கஞ்சி குடிச்சுட்டுப் போன பெறகு, ஒரு பொம்பளை வந்து கொட்டகையில உட்கார்ந்தா. முப்பது, முப்பத்திரண்டு வயசு இருக்கும். கழுத்துல தாலி இல்ல. நெத்தி ஓரத்துல நரை. வெளியூருக்காரி, பசியா வந்திருக்கான்னு கஞ்சியை ஊத்தி வச்சேன். அவ குடிக்கல. என்னையே பார்த்தா.

"என்னைத் தெரியுதா?"

"இல்லியே தாயி. எந்தக் கப்பலு?"

"மூணு மாசத்துக்கு முந்தி இதே வாசல்ல நின்னேன். எந்தங்கச்சியைக் கேட்டேன்."

எனக்குக் கையில இருந்த அகப்பை விழுந்துருச்சு. "அது சின்னப் பொண்ணு"ன்னேன்.

"ஆமா. அப்ப எனக்குப் பதினொண்ணு. இங்கேதான் மூணு மாசம் ஆகியிருக்கு. எனக்கு இருபத்தொரு வருஷம் ஆச்சு."

அவ குரலை ஒசத்தல. கஞ்சியைப் பார்த்துக்கிட்டே சொன்னா. வீட்டுக்கரையில கிண்ணம் வருஷத்துக்கு ஒரு தடவைதான் முழுகுமாம், திரும்பிப் போக மட்டும் எந்தக் கரையிலயும் முழுகுமாம். கூட்டிட்டுப் போற ஜின்னு கரையைத் தேர்ந்தெடுக்க மாட்டானாம், எந்தக் காலத்துக் கரையில எறக்கி விடுவான்னு அவனுக்கே தெரியாதாம். ஒரு வருஷம் போனா இந்த ஊரே இல்லையாம், வெறும் தாழங்காடு. இன்னொரு வருஷம் போனா கடலே உள்வாங்கி, கொட்டகை இருந்த எடத்துல உப்பு மேடு. வருஷம் மூணு கரை. இருபத்தொரு வருஷம். ஒரு வருஷம்கூட விடல. அவ வீடு இருக்கிறது எழுநூறு வருஷத்துக்கு அப்பால, தங்கச்சி. அங்கே போயிப் போயித் திரும்பி வந்திருக்கா.

"அந்தச் செருப்பு கரையில ஒதுங்குச்சுன்னு சொன்னீங்க. நான் அதை எடுத்துட்டு வீட்டுக்குப் போனேன். அம்மாகிட்டக் குடுத்து, பிரின்சி கடல்ல போயிட்டாம்மான்னு சொன்னேன். அம்மா அந்தச் செருப்பை நாக்குல வச்சுப் பார்த்தாங்க. நாங்க கடல்காரங்க. எத்தனை நாள் காஞ்சாலும் கடல்ல கெடந்தது கரிக்கும். அது கரிக்கல. இது நல்ல தண்ணியில நனைஞ்ச செருப்பு, எம் பிள்ளை கடல்ல போகல, யாரோ வச்சிருக்காகன்னு அம்மா அன்னைக்கே சொன்னாங்க."

குதிரைத்தொட்டித் தண்ணி நல்ல தண்ணிதானே. அதை நாக்குல வச்சுப் பார்ப்பான்னு நான் கண்டேனா?

"எங்கப்பா நம்பல. அந்தக் கிண்ணத்தை எடுத்த எடத்துலயே திரும்பத் திரும்ப முங்கித் தேடுனாரு. நாலாவது வருஷம் ஒரு நாள் முங்குனவரு மேல வரல."

"சங்கு குளிக்கிறவங்களுக்கு அது உள்ளதுதானே தாயி"ன்னு சொன்னேன். ஆறுதலாத்தான் சொன்னேன். அவ என்னைத் தலை தூக்கிப் பார்த்தா. அந்தப் பார்வை எந்தப் பகையாளி மேலயும் விழ வேண்டாம்.

அப்பத்தான் பின்பக்கம் இருந்து பிறை ஓடி வந்தா. கை நெறையக் குதிரைக்குப் போடுற புல்லு. அந்தப் பொம்பளையைப் பார்த்து நின்னா. "உம்மா, இந்த ஆன்ட்டி யாரு?"ன்னு என்னைக் கேட்டா.

ஜெனோவா எந்திரிச்சா. கிட்டப் போகல. இருபத்தொரு வருஷம் தேடுனவ, ரெண்டு அடி தள்ளியே நின்னா. கடைசியில கேட்டா: "பல்லு விழுந்துருச்சா?"

பிறை வாயைத் தொறந்து ஓட்டையைக் காட்டுனா. யாரு கேட்டாலும் காட்டுவா. ஜெனோவா ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டு அழுதா பாரு. அந்தப் பதினொரு வயசுல கரையில அழாத அழுகை.

"பிரின்சி, நான்தான். ஜெனோவா. உங்கக்கா."

"எங்கக்கா இத்தனை பெருசு இல்ல"ன்னு பிறை என் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டா.

எனக்குத் தைரியம் வந்துருச்சு, தங்கச்சி. ஜெனோவாகிட்ட, நீயே பார்த்தேல்ல, அவளுக்கு உன்னைத் தெரியல, அவ இங்கே சந்தோசமா இருக்கா, சாப்பிடுறா, சிரிக்கிறா, குதிரைக்குப் பேரு வைக்கிறா, விட்டுட்டுப் போன்னு சொன்னேன். அங்கே கொண்டுபோய் என்ன செய்யப் போறேன்னு கேட்டேன். ஜெனோவா என்னோட மல்லுக்கு நிக்கல. "அம்மா இருக்காங்க"ன்னா. "கண்ணு மங்கிப்போச்சு. வீட்டுக்கரையில காலம் நடந்துக்கிட்டே இருக்கு, அதைப் பின்னாடி இழுக்க முடியாதுன்னு ஜின்னு சொல்லிட்டான். அதனால பழைய அம்மாகிட்ட இவளைக் கொண்டுபோய் விட முடியாது. ஆனா இருக்கிற அம்மா இன்னும் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுறதில்ல."

அம்மாங்கிற சொல்லு வந்ததும் என் சேலையைப் புடிச்சிருந்த கை விட்டுச்சு. பிறை முன்னாடி வந்தா. "அம்மாவா? எங்கம்மாவா? அம்மாவுக்குக் கண்ணு தெரியலையா? அப்ப மீனுக்கு யாரு முள்ளு எடுக்கிறா?"

நான் அவ தோளைப் புடிச்சுத் திருப்புனேன். "ஏம்மா, உனக்கு அம்மா ஞாபகம் இருக்கா? மறந்துட்டேன்னு நெனைச்சேனே. பேசவே மாட்டியே?"

அந்தப் பிள்ளை என்ன சொன்னா தெரியுமா? "பேசுனா நீங்க சோறு திங்க மாட்டீங்கல்ல உம்மா. அதான் நான் குதிரைகிட்டப் பேசிக்கிறேன்."

ரெண்டு மாசம். ஆறு வயசுப் பிள்ளை. நான் ஒரு வாய் சோறு திங்கணும்னு, அவ அம்மாவை மனசுக்குள்ள பூட்டி வச்சுக்கிட்டு, என் முன்னாடி சிரிச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்கா. நான் மறந்துட்டான்னு சந்தோசப்பட்டிருக்கேன்.

கொஞ்சம் இரு தங்கச்சி. புகை கண்ணுல பட்டுருச்சு.

அதுக்கு அப்புறம் உள்ளே போனேன். அந்த மஞ்ச உடுப்பை எடுத்தேன். போட்டுவிட்டேன். மூணு மாசத்துல கொஞ்சம் ஏறியிருந்துச்சு, முழங்காலுக்கு மேல நின்னுச்சு. தலை வாரிவிட்டேன். பேரீச்சம்பழம் ஒரு மூட்டை கட்டுனேன். கடல் ஏறுற நேரம் மத்தியானத்துக்கு மேலன்னு ஜெனோவா சொன்னா. மூணு பேரும் கரைக்கு நடந்தோம். பிறை நடுவுல, ஒரு கையால என்னை, ஒரு கையால அவளைப் புடிச்சுக்கிட்டு. அவ அக்காதான்னு அதுக்குள்ள நம்பிட்டா. எதை வச்சு நம்புனான்னு எனக்குத் தெரியல. அம்மா பேரு சொன்னதே போதுமா இருந்துச்சோ என்னமோ.

நல்ல வெயிலு. ஜெனோவா கிண்ணத்தை மிதக்க விட்டா. அது சுத்தி, சுத்தி, தண்ணி ஏறி, முழுகுச்சு. அந்த எடத்துல இருந்து ஒரு கெழவன் எந்திரிச்சான். கதையில வர்ற மாதிரி மலை ஒசரம் எல்லாம் இல்ல. நம்ம ஊருத் தோணிக்காரன் மாதிரி, ஒட்டுன வயிறு, இடுப்பு வரைக்கும் தண்ணி. கரைக்கு வரவே இல்ல.

"உம்மாவும் வரட்டும்"ன்னு பிறை என் கையை இழுத்தா.

நான் அவனைக் கேட்டேன். வெக்கத்தை விட்டுக் கேட்டேன். "என்னையும் கூட்டிட்டுப் போவியா?" கொட்டகை, வீட்டுக்காரரு, ஊரு, எதுவும் ஞாபகம் வரல.

"அந்தக் கரையில இருந்து வந்தவங்களைத்தான் அந்தக் கரைக்குத் தூக்குவேன்"ன்னான். "மத்தவங்க வந்தா பாதி வழியில கரைஞ்சு போவாங்க. நான் சுமக்கிறவன். என்கிட்டக் கோபப்படாதே."

ஜெனோவா மெதுவா எங்கிட்டச் சொன்னா: "இதுதான் கடைசி. வீட்டுக்குப் போன உடனே இந்தக் கிண்ணத்தை ஒடைச்சுருவேன். எங்க வீட்டுல இருந்து இன்னொருத்தர் காணாமப் போகக் கூடாது."

பிறைக்கு அது காதுல விழல. அவ அழ ஆரம்பிச்சுட்டா. "உம்மா வராம நான் போக மாட்டேன். உம்மா தனியா இருந்தா சோறு திங்காது." கழுத்தைக் கட்டிக்கிட்டா. காது மடலைப் புடிச்சுக்கிட்டா. கெழவன் தண்ணி எறங்குது, எறங்குதுன்னு சொல்றான். அக்கா இழுக்கவும் இல்ல, நான் விடவும் இல்ல. நான் என்ன செய்யட்டும், சொல்லு? அந்தப் பிள்ளை அழுதுக்கிட்டே போகணுமா?

"நீ முன்னாடி போ"ன்னு சொன்னேன். "நான் கொட்டகையைப் பூட்டிட்டு அடுத்த காத்துக்கு வந்துருவேன். நீ கரையில வந்து நில்லு. நான் வந்து எறங்கும்போது நீதான் கையைப் புடிக்கணும். உன் அம்மாகிட்டச் சொல்லி எனக்கும் சேர்த்துச் சோறு வைக்கச் சொல்லு."

உடனே அழுகை நின்னுச்சு. "நெசமா?"

"நெசமா."

"சத்தியமா?"

"சத்தியமா."

மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டா. ஓட்டைப் பல்லைக் காட்டிச் சிரிச்சா. அக்கா இடுப்புல ஏறிக்கிட்டா. ஜெனோவா மட்டும் நகரல. என்னைப் பார்த்துக்கிட்டே நின்னா. கிட்ட வந்து, அவளுக்குக் கேக்காத மாதிரி, "நீங்க சொன்ன ஒரு வார்த்தைக்கு நான் இருபத்தொரு வருஷம் கரை கரையா அலைஞ்சேன். இப்ப இவ எத்தனை வருஷம் நிக்கணும்?"னு கேட்டா.

பதிலு சொல்ல எனக்கு நேரம் எங்கே இருந்துச்சு? கெழவன் கையைப் புடிச்சுட்டான். பிறை தோளுக்கு மேல திரும்பி, கையை ஆட்டிக்கிட்டே, "அடுத்த காத்துக்கு உம்மா! மறந்துராதீங்க!"ன்னா. தண்ணி மூடிருச்சு. ஒரு அலைகூட வரல.

நான் இடுப்புத் தண்ணியில நின்னேன். எவ்வளவு நேரம்னு தெரியல. பல்கீஸ் வந்து கையைப் புடிச்சு இழுத்துக் கரையேத்துனா. அதுக்கு நன்றி சொல்லணும். ஆனா அன்னைக்கே ஊரு பூரா சொல்லிட்டா, மைமூன் பிள்ளை திருடின்னு.

அழாமப் போனா, தங்கச்சி. சிரிச்சுக்கிட்டே போனா. நான் செஞ்சதுல அது ஒண்ணாச்சும் நல்லதுதானே? நீ ஏன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறே?

நாலு வருஷம் ஆச்சு. அங்கேயும் நாலுதானோ, இல்ல நாப்பதோ, எனக்குக் கணக்குத் தெரியாது. அவ அம்மாவைப் பார்த்திருப்பா. அவளே மீனுக்கு முள்ளு எடுத்து அம்மாவுக்குக் குடுத்திருப்பா. அதையெல்லாம் நெனைச்சா எனக்கு இப்பச் சோறு எறங்குது. பொய் சொல்லல, எறங்குது.

ஆனா ஒவ்வொரு தடவை காத்து திரும்பும்போதும், அவ கரையில வந்து நிப்பாளோன்னு ஒரு நெனைப்பு வரும். நிக்க வேண்டாம்னு அல்லாகிட்டக் கேக்குறேன். என்னை மறந்துரட்டும், வேற பிள்ளைங்களோட வெளையாடப் போகட்டும்னு கேக்குறேன். கேட்டு முடிச்சு, கையை எறக்குறதுக்குள்ள, இந்த ஒரு வருஷம் மட்டும் வந்து நிக்கட்டும்னு இன்னொண்ணும் கேட்டுர்றேன்.